கங்காரு வாலும் கணக்குப் பொறியும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



செய்தித்தாளில் அடிக்கடி ஒரு செய்தி வரும். இன்ன பல்கலைக்கழகத்துக்கு இத்தனை கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதி, இன்ன பேராசிரியருக்கு விருது, இன்ன மாணவரின் கட்டுரை வெளிநாட்டு இதழில் வெளியீடு என்று இருக்கும். போட்டோவில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். நாம் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு விளையாட்டுச் செய்திக்குப் போய்விடுவோம். ஒரு தடவை இப்படி ஒரு செய்தியை வீட்டில் சத்தமாக வாசித்தேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அம்புட்டுப் பணத்தையும் எப்பத் திருப்பிக் கட்டணும்?"

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் மகளிர் குழுக் கடன். அதனால் அப்படிக் கேட்டார். ஆனால் எனக்கே பதில் சரியாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அப்புறம்தான் நூலகத்தில் தேடினேன், ஆசிரியர்களைக் கேட்டேன். அதில் கிடைத்த ஒரு கதையை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் தமிழ்நாட்டில், சென்னை கிண்டியில் நடந்த கதை. ஒரு ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் அதில் வருகிறார்கள். நம்மைப் போன்ற ஒரு டிப்ளமோக்காரரும் கடைசியில் வருகிறார்.

முதலில் அம்மாவின் கேள்விக்குப் பதில். 'கிராண்ட்' என்பதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். ஆராய்ச்சி செய்ய நினைப்பவர் ஒரு திட்ட வரைவு எழுதுகிறார். என்ன கேள்விக்கு விடை தேடப் போகிறேன், இதுவரை மற்றவர்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள், நான் என்ன செய்வேன், எத்தனை வருஷம் ஆகும், கருவிக்கு எவ்வளவு, வேதிப்பொருளுக்கு எவ்வளவு, உதவியாளருக்குச் சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதே துறையில் வல்லவர்கள் சிலர் படித்துப் பார்த்து, கொடுக்கலாம் என்றால் பணம் வரும். வருஷா வருஷம் அறிக்கை கொடுக்க வேண்டும். எந்தத் தலைப்பில் வாங்கினோமோ அந்தத் தலைப்பில்தான் செலவழிக்க வேண்டும். கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். நம் நாட்டில் பணம் கொடுக்கிற இடங்கள் பல. அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம், அதாவது சி.எஸ்.ஐ.ஆர்., 1942ல் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 1953ல் தொடங்கி 1956ல் சட்டப்படியான அமைப்பானது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 1971ல் வந்தது. 2023ல் சட்டம் போட்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் என்று இன்னொன்றும் ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

இது போதும். கதைக்கு வருவோம்.

ஜி.என். ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தை அங்கே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பி.எஸ்ஸி. ஆனர்ஸ் இயற்பியல் படித்தது நம் பக்கத்து ஊரான திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். நாம் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் பார்த்துவிடலாம். 1942ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேரும்போது அவர் எடுத்தது மின் பொறியியல். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சர் சி.வி. ராமன். பையனைப் பார்த்ததும், இவன் உங்கள் துறைக்குக் கொஞ்சம் அதிகப்படியான புத்திசாலி என்று மின் பொறியியல் துறைத் தலைவரிடம் சொல்லித் தன் துறைக்கு இழுத்துக்கொண்டாராம். (இ.இ.இ. நண்பர்கள் கோபிக்க வேண்டாம், சொன்னது ராமன்.)

பிறகு கேம்பிரிட்ஜ் போய் வந்தார். 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியர் தேவைப்பட்டது. துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 1942லிருந்து 1969 வரை 27 வருஷம் அந்தப் பதவியில் இருந்தவர். அவர் ராமனையே அழைத்தார். ராமன் தான் வராமல் ராமச்சந்திரனைச் சொன்னார். முப்பது வயது ஆகாத ஒருவர் துறைத் தலைவர் ஆனார். எக்ஸ்ரே ஆய்வுக்கூடம் அமைக்க முதலியார் ஆதரவு கொடுத்தார். ஒரு துணைவேந்தர் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆளைத் தேர்ந்தெடுப்பது, கருவிக்கு வழி செய்வது, அப்புறம் குறுக்கே நிற்காமல் இருப்பது.

ஆய்வுக்கூடம் தயார். எதை ஆராய்வது? அந்தச் சமயம் ஜே.டி. பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்ற புரதத்துக்கு யார் சொன்ன அமைப்பும் சரியாக இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். கொலாஜன் நம் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கிறது. நம் உடம்பில் உள்ள புரதங்களிலேயே அதிகமானது அதுதான். ஆட்டுத்தோலைப் பதனிட்டுச் செருப்பாக்குகிறோமே, அந்தத் தோலின் பலமும் அதுதான். சென்னையில் தோல் என்றால் உடனே நினைவுக்கு வர வேண்டியது அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். 1948ல் தொடங்கப்பட்ட அது, பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அங்கே போய்க் கேட்டால் நல்ல சுத்தமான கொலாஜன் மாதிரி கிடைத்தது. எதிலிருந்து எடுத்தது தெரியுமா? கங்காருவின் வால் தசைநாரிலிருந்து! உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சிக்குக் கச்சாப் பொருள் பக்கத்து நிலையத்தில் கேட்டு வாங்கியது.

எக்ஸ்ரேயை வைத்து எப்படி அணுக்களின் அமைப்பைக் கண்டுபிடிக்கிறார்கள்? ராத்திரி ஒரு மெல்லிய வேட்டித் துணியை விரித்துப் பிடித்து அதன் வழியாகத் தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கு ஒன்றுதான், ஆனால் சிலுவை போலப் புள்ளி புள்ளியாக ஒளி தெரியும். துணியில் நூலிழைகள் நெருக்கமாக இருந்தால் புள்ளிகள் விலகித் தெரியும், இழைகள் விலகியிருந்தால் புள்ளிகள் நெருங்கித் தெரியும். ஆக, புள்ளிகளை அளந்தால் நூலிழைகளின் இடைவெளியைக் கணக்குப் போட்டுவிடலாம். அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் மிகச் சிறியது என்பதால் சாதாரண ஒளி உதவாது, எக்ஸ்ரே வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்ததும் அமைப்பு தெரிந்துவிடாது. ஒரு அமைப்பை ஊகித்து, மாடல் கட்டி, அது இந்தப் புள்ளிகளைத் தருமா என்று திருப்பிப் பார்க்க வேண்டும்.

ராமச்சந்திரனும் அவரோடு வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் அதைத்தான் செய்தார்கள். ஒரு துப்பு இருந்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். கிளைசின்தான் எல்லாவற்றிலும் சின்னது. மூன்றுக்கு ஒன்று என்று ஏன் இருக்க வேண்டும்? மூன்று சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், நடுவில் மிகக் குறுகலான இடம்தான் மிஞ்சும். அந்த இடத்தில் கிளைசின் மட்டுமே நுழையும். 1954ல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்கள். மறு வருஷம், 1955ல், அதைத் திருத்தினார்கள். மூன்று சங்கிலிகளும் நேராக ஓடவில்லை, ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன என்றார்கள். ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் இடப்பக்கமாக முறுக்கியிருக்கும், மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கியிருக்கும்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இது முப்புரிக் கயிறு! எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தேங்காய் நார்க் கயிறு திரிக்கிறார்கள். புரியை ஒரு பக்கம் முறுக்கி, மூன்று புரியையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் முறுக்கினால் கையை விட்டதும் பிரிந்துவிடும். எதிர்ப்பக்கம் முறுக்கினால், புரி பிரியப் பார்க்கும்போது கயிறு இறுகும், கயிறு பிரியப் பார்க்கும்போது புரி இறுகும். இந்த விவரம் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்தில் எந்தக் கயிற்றுத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்வார். அதே தந்திரம் நம் தோலுக்குள்ளும் இருக்கிறது என்பது கிண்டியில் தெரிந்தது.

இனிமேல்தான் சண்டை. டி.என்.ஏ. அமைப்பை 1953ல் கண்டுபிடித்த பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் 1955ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூன்று புரி, முறுக்கு என்பதெல்லாம் சரி. ஆனால் சங்கிலிகளைக் கட்டிப் பிடிக்க மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னைக்காரர்கள் சொல்வது முடியாது. அப்படி வைத்தால் சில அணுக்கள் இடிக்கும். ஒன்றுதான் முடியும் என்றார்கள்.

கடைசியில் ஒரு நேரடிப் பிணைப்பு என்பதுதான் நின்றது. அந்த விஷயத்தில் கிரிக், ரிச் பக்கம்தான் சரி. முப்புரி என்ற அடிப்படை ராமச்சந்திரனுடையது. 1994ல் இதே மாதிரி அமைப்புள்ள படிகத்தை அமெரிக்காவில் துல்லியமாக அளந்தபோது முப்புரி முறுக்கு அப்படியே தெரிந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது யார் ஜெயித்தார்கள் என்பதை இல்லை. "அணுக்கள் இடிக்கும்" என்று சொன்னபோது ராமச்சந்திரன் என்ன கேட்டார் என்பதைத்தான். இடிக்கும் என்றால் எவ்வளவு நெருங்கினால் இடிக்கும்? யார் அளந்தது?

யாருமே ஒழுங்காக அளந்து தொகுக்கவில்லை! சரி, நாமே செய்வோம் என்று மாணவர்களோடு உட்கார்ந்தார். அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு ஜோடி அணுவும் உண்மையில் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். இரண்டு எல்லைகள் வைத்தார்கள். சாதாரணமாக இந்தத் தூரத்துக்குக் குறையாது என்பது ஒன்று, அரிதாக இவ்வளவு வரைக்கும் போகலாம் என்பது இன்னொன்று. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு முதல் எல்லை 2.0 ஆங்ஸ்ட்ராம், இரண்டாவது 1.9. (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு.) நம் மெக்கானிக்கல் ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஷாஃப்ட், ஹோல், கிளியரன்ஸ், டாலரன்ஸ் என்று டிராயிங் வகுப்பில் படிக்கிறோமே, அதேதான். அணுக்களுக்கு ஒரு லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் அட்டவணை.

அடுத்த படிதான் பெரியது. புரதச் சங்கிலியைச் சின்னச் சின்னத் தகடுகள் கோத்த மாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தகடும் வளையாது. இரண்டு தகடுகள் ஒரு கார்பன் அணுவில் சந்திக்கின்றன. அந்த இடத்தில் திரும்புவதற்கு இரண்டே மூட்டுகள். ஒரு மூட்டின் கோணத்துக்கு ஃபை என்று பெயர், இன்னொன்றுக்கு சை. இந்த இரண்டு கோணம் தெரிந்தால் அந்த இடத்தில் சங்கிலி எப்படித் திரும்புகிறது என்பது தெரிந்துவிடும். எவ்வளவு சிக்கலான புரதமானாலும் சரி, ஒவ்வொரு மணிக்கும் இரண்டு எண்தான்!

ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் ஒரு கிராஃப் தாளில் ஃபையை எக்ஸ் அச்சிலும் சையை ஒய் அச்சிலும் போட்டார்கள். ஒவ்வொரு ஜோடிக் கோணத்துக்கும் எந்த அணுவாவது எதையாவது இடிக்கிறதா என்று கணக்குப் பார்த்தார்கள். மேசையில் வைத்து உபயோகிக்கிற சாதாரணக் கணக்குப் பொறிதான் கருவி. பத்துப் பத்து டிகிரியாகப் போனாலே 36 பெருக்கல் 36, ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு நிலைகள் வரும். ஒவ்வொன்றிலும் பல ஜோடித் தூரங்கள். நம் லேபில் ஒரு ரீடிங்குக்கு மூன்று தடவை எடுக்கச் சொன்னாலே முணுமுணுக்கிறோம்.

முடிவு வந்தபோது அந்தச் சதுரத்தில் முக்கால் பங்குக்கும் மேல் 'முடியாது' என்று ஆகிவிட்டது. இடிக்காமல் இருக்கிற இடம் சில தீவுகள் மட்டும். அந்தத் தீவுகளில்தான் உலகத்தில் உள்ள புரதங்களெல்லாம் இருக்கின்றன. கிளைசினுக்கு மட்டும் இடம் தாராளம், அது சின்னது அல்லவா! 1963ல் வெளிவந்த அந்தப் படத்துக்கு 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று பெயர். இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வுக்கூடம் புதிதாக ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று பார்க்க முதலில் இந்த வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்க்கிறார்கள். புள்ளி தீவுக்கு வெளியே விழுந்தால், எங்கேயோ தப்பு இருக்கலாம் என்று திரும்பப் பார்ப்பார்கள். கொரோனா வைரஸின் முள் புரதத்தையும் இப்படித்தான் சோதித்தார்கள். (இன்னொரு விஷயம்: இந்த ராமகிருஷ்ணன் வேறு, 2009ல் நோபல் பரிசு வாங்கிய சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் வேறு. வினாடி வினாவில் ஏமாந்துவிடாதீர்கள்.)

இதற்கெல்லாம் பணம்? பல்கலைக்கழகம் கொடுத்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆராய்ச்சி நிதியும் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு இந்தத் துறையை 'உயர் ஆய்வு மையம்' ஆக்கி உதவி செய்தது. 1963 ஜனவரியிலும் 1967லும் சென்னையில் சர்வதேசக் கருத்தரங்கம் நடத்தினார்கள். உலகத்துப் பெரிய பெயர்கள் எல்லாம் கிண்டிக்கு வந்தார்கள். கவனியுங்கள், முதலில் வந்தது கேள்வி. கருவியும் ஆளும் சேர்ந்தபின் பதில் வந்தது. பெரிய நிதி அதற்குப் பிறகு வந்தது. முதலில் பெரிய நிதி வந்தால்தான் வேலை தொடங்குவேன் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. அதற்காக நிதியே தேவையில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே கருவி இல்லாமல் கங்காரு வாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கர்த்தா பின்னால் அமெரிக்கா போய், 1967ல் இரண்டு பேரோடு சேர்ந்து ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் முழு அமைப்பைக் கண்டுபிடித்தார். மாணவராக வந்தவர்கள் ஒவ்வொருவரும் இப்படித் தனித்தனியாக நின்றார்கள். ராமச்சந்திரன் 1970ஐ ஒட்டி சென்னையை விட்டுப் பெங்களூர் போனார். 1977ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 2001 ஏப்ரல் 7ல் காலமானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவர் செய்த இன்னொரு வேலை நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டால் டாக்டர் முதலில் "சி.டி. எடுங்க" என்கிறார். சாதாரண எக்ஸ்ரேயில் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று படிந்து விழும். சி.டி.யில் உள்ளே வெட்டிப் பார்த்தது போலத் தெரியும். எப்படி? ஒரு விளையாட்டு. நான்கு கட்டம், மேலே இரண்டு, கீழே இரண்டு. உள்ளே உள்ள எண்கள் உங்களுக்குத் தெரியாது. மேல் வரிசையின் கூட்டல் 5, கீழ் வரிசை 9. இடது பத்தி 6, வலது பத்தி 8. கண்டுபிடியுங்கள். மேலே 2, 3, கீழே 4, 5 என்பீர்கள். ஆனால் மேலே 1, 4, கீழே 5, 4 என்று போட்டாலும் சரியாகத்தான் வரும்! இடது மேல் மூலையிலிருந்து குறுக்கே கூட்டினால் 7 என்று இன்னொரு துப்புக் கொடுத்தால் முதல் விடை மட்டும்தான் நிற்கும். எக்ஸ்ரே கதிர் ஒவ்வொன்றும் தான் போன வழியில் உள்ளதையெல்லாம் கூட்டிச் சொல்கிறது. பல திசையில் கூட்டி வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்கலாம். முதல் ஸ்கேனரில் 80க்கு 80, மொத்தம் 6400 கட்டம்.

6400 தெரியாத எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு கூட்டலையும் கதிர் வந்த வழியிலேயே திருப்பித் தடவிவிடலாம். ஆனால் படம் மை சிந்தியது போல மங்கும். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971ல் ஒரு வழி சொன்னார்கள். தடவுவதற்கு முன் ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு பக்கத்திலும் ஒரு கணக்குப்படி கழித்தல் எண்களைச் சேர்த்துவிடு. தடவும்போது சிந்துகிற மையை அந்தக் கழித்தல் அழித்துவிடும். வெறும் பெருக்கலும் கூட்டலும்தான் என்பதால் கம்ப்யூட்டருக்கு வேலை வெகுவாகக் குறைந்தது. ரேடியோ வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967லேயே இதைப் போன்ற வழி ஒன்றைக் கண்டிருந்தார்கள். ஆனாலும் ஸ்கேன் துறையில் அந்த வடிகட்டிக்கு இன்றும் 'ராம்-லாக்' என்றே பெயர், ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன்.

இப்போது நம் ஆள். அந்த ஸ்கேனரைச் செய்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. இங்கிலாந்தில் பண்ணை வீட்டுப் பிள்ளை, ஐந்து பிள்ளைகளில் கடைசி. பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. யுத்த காலத்தில் விமானப்படையில் ரேடார் வேலை, பிறகு லண்டன் ஃபாரடே ஹவுஸ் மின் பொறியியல் கல்லூரியில் டிப்ளமோ! இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை செய்தார். பிரிட்டிஷ் சுகாதாரத் துறையும் நிதி உதவி கொடுத்தது. முதலில் செய்த கருவியில் ஒரு படம் எடுக்க 9 நாள், கம்ப்யூட்டர் கணக்குப் போட இரண்டரை மணி நேரம். கசாப்புக் கடையிலிருந்து மாட்டு மூளை வாங்கிப் பையில் போட்டு லண்டனைக் கடந்து எடுத்து வந்து சோதித்தார். 1971 அக்டோபர் 1ந் தேதி முதல் நோயாளிக்கு ஸ்கேன். 1979ல் ஆலன் கார்மாக்குடன் சேர்ந்து மருத்துவத்துக்கான நோபல் பரிசு. அங்கே கங்காரு வால், இங்கே மாட்டு மூளை!

நம் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷம் நமக்கு ப்ராஜெக்ட். ஆளுக்கு இரண்டாயிரம், மூன்றாயிரம் போட்டு, டவுனில் ஒரு கடையில் ரெடியாக இருக்கிற மாடலை வாங்கி, பெயிண்ட் அடித்து, பெயரை ஒட்டி வைவாவுக்குக் கொண்டுபோகிற பழக்கம் பல கல்லூரிகளிலும் இருக்கிறது. வாங்கியவனுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்பது தெரியாது. அந்தப் பணம் பெரும்பாலும் நம் அப்பா அம்மா யாரிடமோ கைமாற்று வாங்கியது. அதையே நாம் நமக்குக் கொடுத்துக்கொள்ளும் கிராண்ட் என்று நினைத்து, ஒரு பக்கத்தில் கேள்வியும் செலவுப் பட்டியலும் எழுதிப் பார்த்தால் என்ன?

நாங்கள் நாலு பேர் எழுதிப் பார்த்தோம். கேள்வி: நார்க் கயிற்றில் ஒரு அடிக்கு எத்தனை முறுக்கு போட்டால் அறுபடும் பளு அதிகமாக இருக்கும்? குறைவாக முறுக்கினால் நார் நழுவும், மிதமிஞ்சி முறுக்கினால் நாரே நொறுங்கும் என்று அப்பா சொல்கிறார். எங்கே திரும்புகிறது என்று எண் போட்டுச் சொல்ல யாரும் இல்லை. முறுக்குகளை எண்ணுகிற ஒரு கவுண்டர் வைத்த சின்ன திரிக்கும் இயந்திரம் செய்து, ஆறு விதமாகத் திரித்து, நம் லேபில் உள்ள இழுவிசை இயந்திரத்தில் அறுத்துப் பார்க்கலாம் என்று திட்டம். நார் எங்கள் வீட்டில் இலவசம். இரும்பு ஆங்கிள் ஸ்கிராப் கடையில் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். பட்டியலில் பெரிய செலவு மோட்டார்தான். யார் வீட்டிலாவது அரை எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் பழையது சும்மா கிடந்தால், இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்பில் வந்து சொல்லுங்கள். வைண்டிங் போயிருந்தாலும் பரவாயில்லை, இ.இ.இ. நண்பர்களிடம் கொடுத்துச் சரி பண்ணிக்கொள்கிறோம்.